கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்: நானூறு கோல்ஃப் மைதானம் போட்ட தச்சுக்காரர்

போன இதழ்ல ஒரு வாசகர், "ஒரே ஆளு தன் ஆயுசுல எத்தனை எடத்த டிசைன் பண்ணிட முடியும்"னு கேட்டிருந்தாரு. நான் பாட்டுக்கு, டொனால்ட் ராஸ்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் அமெரிக்கா போயி நானூறு கோல்ஃப் கோர்ஸ் போட்டிருக்காரு, அதுக்கு மேல என்ன வேணும்னு ரெண்டே வரில முடிச்சுட்டு அடுத்த கேள்விக்கு தாவிட்டேன். இப்ப அந்த ரெண்டு வரிக்குதான் மூட்டை மூட்டையா கடிதம். பாதி பேரு நம்பல, கால்வாசி பேரு திட்டுறாங்க, மீதி பேரு நெஜமாவே தெரிஞ்சுக்க கேக்குறாங்க. அதனால இந்த தடவை முழுக்க அந்த மனுஷன் கதைதான், மத்த கேள்விக்காரங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், தச்சு வேலை பாத்தவரு எப்படி கோல்ஃப் ஆர்க்கிடெக்ட் ஆனாரு? டிகிரி எல்லாம் வேண்டாமா?

அவரு காலத்துல இதுக்கு டிகிரியும் கெடையாது, இப்படி ஒரு தொழில் தனியா இருக்குங்கிற நெனப்பே யாருக்கும் கெடையாது. ராஸ் பொறந்தது 1872ல, ஸ்காட்லாந்தோட வடகோடியில கடலோரமா இருக்குற டோர்னோக்னு ஒரு சின்ன ஊரு, அப்பா கல்லு வேலை செய்ற கொத்தனார், பையன தச்சு வேலைக்கு விட்டாங்க. ஆனா அந்த ஊர்ல கடலுக்கும் வயலுக்கும் நடுவுல விவசாயத்துக்கு லாயக்கில்லாத மணல் மேடு நெறைய, அதுலதான் கோல்ஃப் ஆடுவாங்க, பையனுக்கு மனசு பூரா அங்கதான். அப்புறம் செயின்ட் ஆண்ட்ரூஸ் போயி கோல்ஃப் கட்டை செய்யவும் கத்துக்கிட்டாரு, ஓல்டு டாம் மோரிஸ்னு அந்த காலத்து பெரிய கை ஒருத்தர்கிட்ட தொழிலும் பழகுனாரு. திரும்பி ஊருக்கே வந்து புல்லு பாத்துக்குற வேலை, கட்டை செஞ்சு விக்கிற வேலை, வர்றவங்களுக்கு ஆட சொல்லிக்குடுக்குற வேலைனு மூணையும் ஒரே ஆளா பாத்தாரு.

இதை ஏன் இவ்ளோ விவரமா சொல்றேன்னா, பின்னாடி அவரு போட்ட கோர்ஸ் எல்லாத்துலயும் இந்த மூணு வேலையும் தெரியும். புல்லு எங்க அழுகும், தண்ணி எங்க நிக்கும்னு புல்லு வெட்டுனவனுக்கு தெரியும், எந்த கட்டைக்கு பந்து எவ்ளோ தூரம் போகும்னு கட்டை செஞ்சவனுக்கு தெரியும், சுமாரா ஆடுறவன் எந்த எடத்துல மனசு ஒடஞ்சு போவான்னு சொல்லிக்குடுத்தவனுக்கு தெரியும். இது எந்த காலேஜ்லயும் ஒரே பாடமா வராது.

அந்த நேரத்துல லீவுக்கு டோர்னோக் வந்த ஒரு ஹார்வர்ட் வானியல் புரொஃபசர், ராபர்ட் வில்சன்னு பேரு, "அமெரிக்கால இப்பதான் எல்லாருக்கும் கோல்ஃப் பைத்தியம் புடிக்குது, தெரிஞ்ச ஆளு யாருமில்ல, நீ வா"னு உசுப்பேத்திவிட்டாரு. 1899ல கப்பல் ஏறிட்டாரு. பாஸ்டன் பக்கத்துல ஓக்லி கிளப்ல மொத வேலை, அங்கதான் அமெரிக்காவுல அவரோட மொத மைதானமும்.

கேள்வி: நானூறுங்கிறது ஓவர் பில்டப் இல்லையா அண்ணே? கணக்கு இடிக்குதே.

இடிக்கட்டும் தம்பி, நாமளே போட்டு பாப்போம். 1899ல இருந்து 1948ல அவரு சாகுற வரைக்கும் 49 வருஷம். நானூற 49ஆல வகுத்தா வருஷத்துக்கு எட்டு சொச்சம். ஆனா நடுவுல ரெண்டு உலகப்போர், 1929க்கு அப்புறம் பெரிய பொருளாதார சரிவு, அந்த வருஷங்கள்ல கோர்ஸ் கட்டுறவன் ரொம்ப கம்மி, இருக்குறதுலயே சிலத மூடிக்கிட்டு இருந்தாங்க. அப்ப மீதி வருஷங்கள்ல, முக்கியமா 1920கள்ல, இன்னும் ரொம்ப அதிகமா வேலை பாத்திருக்கணும். ஒரு மைதானம்னா சுமாரா நூத்தம்பது ஏக்கர், பதினெட்டு ஹோல், ஹோல்னா பந்த அடிக்க ஆரம்பிக்கிற எடத்துல இருந்து அது போயி விழ வேண்டிய குழி வரைக்கும் உள்ள ஒரு துண்டு. அதுவும் அன்னிக்கு பிளைட் கெடையாது, ரயில்ல போயி ரயில்ல வரணும்.

நீங்க சந்தேகப்படுறது சரிதான், ஏன்னா அந்த நானூறுலயும் எல்லாம் புதுசா போட்டது இல்ல. பழச புடிச்சு திருத்துனது, ஒம்பது ஹோல பதினெட்டாக்குனது எல்லாம் சேந்துதான் அந்த கணக்கு. இன்னொரு விஷயம், அதுல கணிசமான எடத்துல அவரு கால் வச்சதே இல்ல. எடத்தோட ஏற்ற எறக்கம் போட்ட சர்வே மேப் தபால்ல வரும், மேசையில விரிச்சு வச்சு எந்த ஹோல் எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும்னு பென்சில்ல போடுவாரு, ஒவ்வொரு ஹோலுக்கும் தனித்தனியா படம், கிரீனுக்கு, அதாவது குழிய சுத்தி ஒட்ட வெட்டுன புல்தரைக்கு, கட்டம் போட்ட பேப்பர்ல அளவோட படம், ஓரத்துல "இந்த மேட்ட இத்தனை அடி ஒசத்து, இங்க பங்கர் வெட்டு"னு குறிப்பு, பங்கர்னா பந்து மாட்டிக்கிற மணல் குழி. அதை எடுத்துக்கிட்டு வேலை நடத்த வால்டர் ஹாட்ச், ஜே.பி. மெக்கவர்ன்னு நம்பிக்கையான கூட்டாளிங்க இருந்தாங்க. குளிர்காலத்துல வட கரோலினாவுல பைன்ஹர்ஸ்ட், கோடையில ரோட் ஐலண்ட்ல லிட்டில் காம்ப்டன், ரெண்டு பக்கமும் ஆபீஸ்.

என்னைய கேட்டா இதுல ஏமாத்து வேலை ஒண்ணும் இல்ல, வீடு கட்டுற எஞ்சினியரு செங்கல் அடுக்குறாரா என்ன. ஆனா "நானூறும் அவரு கையால செதுக்குனது"னு கிளப்புக்காரங்க போர்டு வச்சுக்குறாங்க பாருங்க, அதைத்தான் அப்படியே நம்பிடக்கூடாது.

கேள்வி: அவ்ளோ ஆர்டர் எப்படி கெடச்சுது? விளம்பரம் குடுத்தாரா?

விளம்பரமே தேவைப்படல, அவரு உக்காந்த எடம் அப்படி. பாஸ்டன்ல சோடா ஃபவுண்டன் மெஷின் செஞ்சு பணக்காரரான ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ்னு ஒருத்தர், 1895ல வட கரோலினாவுல மரம் எல்லாம் வெட்டி மொட்டையாக் கெடந்த மணல் காட்ட மலிவா வாங்கி, வடக்குல குளிர் தாங்காதவங்க வந்து தங்குற மாதிரி ஒரு ஊரையே கட்டுனாரு, அதுதான் பைன்ஹர்ஸ்ட். வந்தவங்க சும்மா இல்லாம மாடு மேயுற எடத்துல பந்து அடிச்சு மாட்டுக்கு தொந்தரவு பண்றாங்கனு புகார் வந்து, அதுக்கப்புறம்தான் அங்க கோல்ஃப் வந்ததுனு ஒரு கதை சொல்வாங்க. டஃப்ட்ஸ் 1900ல ராஸ கூட்டிட்டு வந்து அங்க வச்சுட்டாரு.

இப்ப யோசிங்க, குளிர்காலத்துல அங்க வந்து தங்குறவன் எல்லாம் வடக்கத்தி ஃபேக்டரி மொதலாளி, பேங்க்காரன், அவங்க வாரக்கணக்கா ராஸ் போட்ட மைதானத்துல ஆடுறாங்க, சாயங்காலம் அவரையே நேர்ல பாத்து பேசுறாங்க, ஊருக்கு திரும்புனதும் "நம்ம ஊருலயும் இந்த மாதிரி ஒண்ணு வேணும்"னு கிளப் ஆரம்பிச்சு யாருக்கு லெட்டர் போடுவாங்க? அமெரிக்காவுல 1930 வாக்குல கோல்ஃப் கோர்ஸ் எண்ணிக்கை ஐயாயிரத்த தாண்டிருச்சு, அந்த அலை எழும்பும்போது அவரு சரியான எடத்துல நின்னாரு. யூ.எஸ். ஓப்பன்னா அமெரிக்காவோட பெரிய கோல்ஃப் போட்டி, 1919ல இருந்து 1931 வரைக்கும் நடந்த 13 யூ.எஸ். ஓப்பன்ல 8, ராஸ் போட்ட இல்லன்னா ராஸ் திருத்துன கோர்ஸ்லதான் நடந்துச்சு. இதுக்கு மேல என்ன விளம்பரம்.

அதுல 1925ல உஸ்டர்ங்கிற ஊர்ல நடந்த போட்டிய மட்டும் சொல்லிட்டு போறேன், கோல்ஃப்ல கம்மி அடில முடிக்கிறவன்தான் ஜெயிப்பான். பாபி ஜோன்ஸ்னு அந்த காலத்து பெரிய ஆட்டக்காரர் அடிக்க ரெடியாகும்போது பந்து இத்துணூண்டு நகந்துருச்சு, வேற யாரும் பாக்கல, அவரே போயி எனக்கு ஒரு அடி கூட சேத்துக்கோங்கனு சொல்லி, கடைசில அந்த ஒரு அடிலதான் சமமாகி, சமமானவங்க திரும்ப ஆடுற பிளேஆஃப் போயி தோத்தாரு. பாராட்டுனவங்ககிட்ட, பேங்க கொள்ளையடிக்காததுக்கு பாராட்டுவீங்களான்னாராம்.

கேள்வி: அவரு ஆடுவாரா, இல்ல வரையிறது மட்டும்தானா?

நல்லாவே ஆடுவாரு. 1903 யூ.எஸ். ஓப்பன்ல அஞ்சாவது எடம். ஆனா வீட்ல கோப்பைய தூக்குனது தம்பி அலெக், 1907ல யூ.எஸ். ஓப்பன் ஜெயிச்சாரு. அண்ணன் அப்ப மண்வெட்டியும் கையுமா மணல்ல நின்னுக்கிட்டு இருந்திருப்பாரு.

கேள்வி: புல்ல வெட்டி நடுவுல ஒரு குழி தோண்டுறதுக்கு எதுக்கு சார் ஆர்க்கிடெக்ட்? இதுல டிசைன் பண்ண என்ன இருக்கு?

இந்த கேள்வி நாலு பேரு அனுப்பியிருக்கீங்க, நாலுலயும் ஒரே நக்கல். நானும் ஒரு காலத்துல இதேதான் கேட்டேன், அதனால கோவமில்ல.

குழி நாலே கால் இஞ்ச் அகலம், அதுல மாத்த ஒண்ணுமில்ல, எங்க போனாலும் அதேதான். மத்த எல்லாமே டிசைன்தான். மொத வேலை, கெடைக்குற நெலத்துல பதினெட்டு ஹோலையும் எந்த வரிசைல எந்த திசைல கோக்குறதுங்கிறது, இதுக்கு ரூட்டிங்னு பேரு, பாதி ஆட்டம் இதுலயே முடிஞ்சுடும். கிளம்புற எடத்துக்கே திரும்பி வரணும், ஒரு கிரீன்ல முடிச்சா அடுத்த டீக்கு, அதாவது அடுத்த ஹோல் ஆரம்பிக்கிற எடத்துக்கு, நாலு எட்டுல போயிடணும், காலைல சூரியன பாத்துக்கிட்டே அடிக்குற மாதிரியும் இருக்கக்கூடாது, சாயங்காலம் கடைசி ஹோல்ல கண்ணு கூசவும் கூடாது, காத்து ஒரு ஹோல்ல மூஞ்சில அடிச்சா அடுத்ததுல முதுகுல தள்ளணும், அப்பதான் ஒரே மாதிரி ஆட்டமா ஆகாது. இதெல்லாம் பண்ணும்போது மழை தண்ணி எங்கயும் தேங்கவும் கூடாது. பதினெட்டு துண்டு உள்ள ஒரு ஜிக்சா பசில், ஆனா பெட்டி மேல படம் இருக்காது.

ராஸோட வழக்கம் என்னன்னா, டீய ஒரு மேட்டுல வைப்பாரு, நடுவுல பள்ளம், கிரீன அடுத்த மேட்டுல வைப்பாரு. பாக்க சாதாரணமா இருக்கும். ஆனா மேட்டுல கிரீன் இருந்தா தண்ணி தானா வடியும், பந்து ஒழுங்கா விழலன்னா அதுவும் தானா வடியும்! ஒரே வேலைல ரெண்டு காரியம். அப்புறம் கிரீனுக்கு முன்னாடி பெரும்பாலும் வழிய தெறந்தே வச்சிருப்பாரு, தூக்கி அடிக்க தெரியாத ஆளு தரையோட உருட்டிக்கிட்டே போயி சேரலாம். கெட்டிக்காரன் குறுக்கு வழி புடிச்சு கம்மி அடில முடிக்கணும்னு ஆசைப்பட்டா அங்கதான் பங்கர் வாய தெறந்துக்கிட்டு இருக்கும். சுமாரான ஆளுக்கு கஷ்டம் கம்மி, பேராசைக்காரனுக்கு கஷ்டம் அதிகம், இதுதான் மொத்த சூத்திரமே.

கிரீனுக்கு ஏன் அவ்ளோ மெனக்கெடணும்னு கேப்பீங்க. ஒரு கோர்ஸோட பார், அதாவது நல்லா ஆடுறவன் மொத்தமா முடிக்க வேண்டிய அடி கணக்கு, 72னு வச்சுக்கோங்க, கிரீன் மேல பந்த உருட்டி விடுற அடிக்கு பட்னு பேரு, ஹோலுக்கு ரெண்டு பட்னு கணக்கு, அப்ப 36 அடி, அதாவது சரி பாதி, கிரீன் மேலதான். பரப்பளவுல பாத்தா கிரீன் எல்லாம் சேத்து மொத்த நெலத்துல ஒரு மூலைக்கு கூட வராது. அந்த மூலைலதான் பாதி ஆட்டம்.

கேள்வி: உலகத்துலயே அதிகமா கோர்ஸ் போட்டவரு இவருதானா?

இல்லீங்க. டாம் பெண்டலோனு ஒருத்தர், அவரும் ஸ்காட்லாந்துதான், அபர்டீன்ல பொறந்து நியூயார்க்ல பேப்பர் ஆபீஸ்ல அச்சு கோக்குற வேலைல இருந்தவரு, ஸ்பால்டிங் கம்பெனிக்காக ஊர் ஊரா போயி கோர்ஸ் போட்டாரு. எண்ணிக்கைல ராஸயே தாண்டுனவரு. எடத்த ஒரு சுத்து நடந்து இங்க ஒரு குச்சி அங்க ஒரு குச்சினு நட்டுட்டு சாயங்கால ரயில புடிச்சுடுவாருனு அவர கிண்டல் பண்ணுவாங்க, ஆனா கோல்ஃப்னா என்னன்னே தெரியாத ஊர்ல கம்மி காசுல மொத மைதானம் வந்தது அவராலதான், அதையும் சொல்லணும்.

அப்புறம் ராபர்ட் டிரென்ட் ஜோன்ஸ். 1906ல இங்கிலாந்துல பொறந்து சின்ன வயசுல அமெரிக்கா வந்து, 2000ல செத்தாரு, ஐந்நூறு பக்கம் போட்டாரு, பிளைட் வந்த காலம்ங்கிறதால உலகம் பூரா. "என் கோர்ஸ் மேல சூரியன் மறையிறதே இல்ல"னு பெருமை பேசுவாரு. இவரு ராஸுக்கு அப்படியே எதிர்ப்பக்கம், ஒரு ஹோல பாத்ததுமே நெஞ்சு அடைக்கணும் இவருக்கு. ராஸ் போட்ட ஓக்லண்ட் ஹில்ஸ 1951 யூ.எஸ். ஓப்பனுக்காக இவரு கைல குடுத்தாங்க, திருத்துறேன்னு எறங்கி எப்படி வச்சாருன்னா, மொத்த போட்டிலயும் பார் 70க்கு கீழ போன ரவுண்டே ரெண்டுதான். ஜெயிச்ச பென் ஹோகன் அந்த கோர்ஸ ராட்சசன்னே சொன்னாரு.

ஜோன்ஸ் கதை இன்னொண்ணு, இதை சொல்லாம விட மனசு வரல. பால்டஸ்ரால்ங்கிற கிளப்ல 1954 யூ.எஸ். ஓப்பனுக்கு முன்னாடி நாலாவது ஹோல தண்ணிக்கு மேல அடிக்குற மாதிரி மாத்துனாரு. மெம்பர்ங்க எல்லாம் இது அநியாயத்துக்கு கஷ்டம்னு கொடி புடிச்சாங்க. வாங்க அங்கயே போயி பாப்போம்னு கூட்டிட்டு போயி, மத்தவங்க அடிச்சதுக்கு அப்புறம் இவரு ஒரு அடி அடிச்சாரு, பந்து நேரா போயி குழிக்குள்ள. "இந்த ஹோல்ல ஒரு குத்தமும் இல்லைங்களே"ங்கிற மாதிரி சொல்லிட்டு திரும்பிட்டாரு. கம்ப்ளெயின்ட் அதோட க்ளோஸ்.

கேள்வி: ராஸ் போட்டதுலயே பெஸ்ட் எது? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

பைன்ஹர்ஸ்ட் நம்பர் டூ, அந்த ஊர்ல இருக்குற ரெண்டாம் நம்பர் மைதானம். யோசிக்கவே வேண்டாம். ஏன் அதுங்கிறதுதான் எனக்கு சொல்ல ஆசையான விஷயமே.

1907ல அதை பதினெட்டு ஹோலா முடிச்சாரு. மத்த எடமா இருந்தா படம் குடுத்தாச்சு, வேலை முடிஞ்சுது, அடுத்த ரயில். இது அவரு குடியிருந்த ஊரு. வீடே நம்பர் டூவோட மூணாவது ஹோல பாத்த மாதிரி, பேரு டோர்னோக் காட்டேஜ். அதனால 1907ல முடிஞ்ச கோர்ஸ் 1948 வரைக்கும் முடியவே இல்ல. ஒரு பங்கர மூடுவாரு, ரெண்டு ஹோல தூக்கிட்டு வேற எடத்துல ரெண்டு போடுவாரு, அடுத்த சீசன்ல ஆளுங்க எங்க தடுமாறுறாங்கனு பாத்துட்டு திரும்ப கைய வைப்பாரு. நாற்பது வருஷம் சார். பக்கத்துலயே இருந்து பாக்குறதுக்கும் தபால்ல மேப் பாக்குறதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு எடத்துல தெரியுது.

இன்னொரு ஆச்சரியம், இன்னிக்கு உலகமே பேசுற அந்த நம்பர் டூ கிரீன் எல்லாம் மொத 28 வருஷம் இருந்ததே இல்ல. அந்த ஊரு வெயிலுக்கும் மணலுக்கும் கிரீன்ல வைக்கிற மாதிரி புல்லு அப்ப நிக்காது, அதனால மணல கெட்டிச்சு தட்டையா வச்சிருந்தாங்க, அதுலதான் பட் அடிச்சாங்க. 1935 வாக்குலதான் பெர்முடா புல்ல கொண்டு வந்து கிரீன் போட்டாரு, 1936ல அங்க பி.ஜி.ஏ.ங்கிற தொழில்முறை கோல்ஃப்காரங்க சங்கத்தோட சாம்பியன்ஷிப் வர்றதுக்கு ரெடியா. அப்ப அவருக்கு வயசு அறுபத தாண்டியாச்சு, நாட்டுல பொருளாதாரம் படுத்துருச்சு, வெளி வேலை இல்ல. அகஸ்டா நேஷனல்ங்கிற பேர்போன மைதானத்த போடுற வாய்ப்பும் பாபி ஜோன்ஸ் கூப்புட்ட அலிஸ்டர் மெக்கன்ஸிக்கு போயிருச்சு, அந்த ஏமாத்தத்துலதான் இதுல முழு மூச்சா எறங்குனாருனு சொல்றவங்க உண்டு. வேலையில்லாத நேரம் அந்த மனுஷனுக்கு நல்லது பண்ணிருக்குங்கிறது என் கட்சி.

அந்த கிரீன் எப்படின்னா கவுத்துப்போட்ட சட்டி மாதிரி, நடு ஒசந்து நாலு பக்கமும் சரிஞ்சு. பந்து ஓரத்துல விழுந்தா நிக்காம வழுக்கி கீழ போயிடும், அங்க ஒரு தண்ணியும் இல்ல காடும் இல்ல, மொட்டையா வெட்டுன புல்லு மட்டும். அப்ப அங்க நின்னு யோசிக்கணும், தூக்கி போடவா, தட்டி விடவா, உருட்டி விடவானு. மூணும் முடியும்ங்கிறதுதான் பிரச்சனையே. 2014ல மார்ட்டின் கைமர் கிரீனுக்கு வெளிய இருந்தே பேசாம பட் போடுற கட்டைய எடுத்து உருட்டி உருட்டி, அடுத்தவர விட எட்டு அடி கம்மியா அடிச்சு யூ.எஸ். ஓப்பன தூக்கிட்டு போனாரு. இந்த சரிவு முழுக்க ராஸே போட்டதா, இல்ல வருஷா வருஷம் புல்லு மேல மணல் தூவி தூவி மேடு ஏறிடுச்சானு இன்னிக்கு வரைக்கும் சண்டை ஓடுது. ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்னுதான் எனக்கு தோணுது.

1999ல பெய்ன் ஸ்டூவர்ட் கடைசி கிரீன்ல பதினஞ்சு அடி தூரத்துல இருந்து பட் போட்டு ஜெயிச்சதும் இங்கதான், நாலு மாசத்துல பிளைட் விபத்துல போயிட்டாரு, அவரு செல பதினெட்டாவது கிரீன் பக்கம் இருக்கு. 2024ல ரோரி மெக்கில்ராய் கடைசில ரெண்டு குட்டி பட்ட தவற விட்டு டிஷாம்போகிட்ட ஒரு அடில தோத்ததும் இங்கதான். டிவில பாத்தவங்களுக்கு வயித்துல இன்னும் எரியும்.

கேள்வி: பேரு ராஸுக்கு. மண்ணு வெட்டுனது யாரு?

கேக்க வேண்டிய கேள்வி. புல்டோசர் எல்லாம் பெருசா வராத காலம், கோவேறு கழுதைல இரும்பு தொட்டி மாதிரி ஒண்ண கட்டி இழுத்துதான் மண்ண நகத்துனாங்க. பைன்ஹர்ஸ்ட் பக்கம் அந்த வேலைல பெரும்பாலும் கறுப்பின தொழிலாளிங்க. வெட்டுனாங்க, கொத்துனாங்க, ஆடுறவங்க பைய தூக்குனாங்க. தெற்கு மாகாணங்கள்ல நெறத்த வச்சு பிரிச்சு வச்ச காலம் அது, அவங்க போட்ட கிரீன்ல விருந்தாளியா வந்து அவங்க நிக்க முடியாது. அமெரிக்க பி.ஜி.ஏ. வெள்ளைக்காரங்க மட்டும்தான் மெம்பர்ங்கிற விதிய தூக்குனதே 1961லதான். ராஸ் இதைப்பத்தி சண்டை போட்டாருனு சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல. நானூறு கோர்ஸ்னு எண்ணும்போது அந்த கைகளையும் எண்ணணும்.

கேள்வி: படம் ஒருத்தர் போட்டு, கட்டுறது இன்னொருத்தர்னா, பழசு மாதிரியே திருப்பி கட்டணும்னா எதை பாத்து கட்டுவாங்க?

அடடா, இதுக்கு ஒரு அருமையான வழக்கு இருக்கு. ஃபிலடெல்ஃபியா பக்கத்துல அரோனிமிங்க்னு ஒரு கிளப், 1928ல தெறந்தது, ராஸ் போட்டது. வருஷம் போக போக ஆளாளுக்கு கைய வச்சு உருவமே மாறிடுச்சு. பழசுக்கே போவோம்னு முடிவு பண்ணி மொத தடவை ராஸ் கையால வரைஞ்ச படத்த எடுத்து, அதுல இருக்குற மாதிரியே பங்கர் வச்சாங்க. நியாயம்தானே? ஆனா அந்த காலத்துல வானத்துல இருந்து எடுத்த போட்டோ இருக்கு, அதுல பாத்தா படத்துல ஒரு பெரிய பங்கர் இருக்குற எடத்துல தரைல மூணு நாலு குட்டி பங்கர் கொத்து கொத்தா இருக்கு! வேலைய நடத்துனது அந்த கூட்டாளி ஜே.பி. மெக்கவர்ன், அவரு அந்த கிளப்புக்கே மெம்பர். ராஸுக்கு தெரிஞ்சு மாத்துனாரா, அவரு இஷ்டத்துக்கு மாத்துனாரா, ரெண்டு பேரும் பேசி வச்சாங்களா, எழுத்துல ஒண்ணுமில்ல.

அடுத்து வந்த கில் ஹான்ஸ்ங்கிற டிசைனர், கட்டுனதுதான் கோர்ஸ், வரைஞ்சது வெறும் பேப்பர்னு போட்டோவ நம்பி திரும்ப பிரிச்சு போட்டாரு. பங்கர் 170ஐ தாண்டிருச்சு, முன்னாடி இருந்தத விட ரெண்டு மடங்குக்கு மேல. நான் ஹான்ஸ் பக்கம்தான். ஏன்னா ராஸே கடைசி காலத்துல, 1948ல அரோனிமிங்க போயி நின்னு பாத்துட்டு, இதை என் பெஸ்டா செய்யணும்னு நெனச்சேன், ஆனா நான் நெனச்சத விட நல்லா வந்திருக்குறது இன்னிக்குதான் தெரியுதுங்கிற மாதிரி சொன்னதா அங்க எழுதியே வச்சிருக்காங்க. அவரு கண்ணால பாத்து தலையாட்டுனது தரைல இருந்ததத்தானே.

கேள்வி: பணக்காரங்க வெளையாட்டுக்கு இவ்ளோ எடம், இவ்ளோ தண்ணி! இதுக்கு ஒரு முழு பக்கமா? வெக்கமா இல்லையா?

கொஞ்சம் இருக்கு. ஆனா தண்ணி விஷயத்துல ராஸ் மேல பழி போடாதீங்க. அவரு காலத்து நம்பர் டூல நடுவுல ஒரு கோடு மாதிரி புல்லு பச்சையா இருக்கும், ரெண்டு பக்கமும் மணலும் காட்டுப்புல்லும்தான். எல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கணும்ங்கிற வியாதி டிவி வந்த பின்னாடி வந்தது. 2010ல பில் கூர், பென் கிரென்ஷானு ரெண்டு டிசைனருங்க எறங்கி, 1943ல எடுத்த வான்வழி போட்டோவ வச்சுக்கிட்டு, 35 ஏக்கர் புல்ல உரிச்சு எறிஞ்சாங்க, தண்ணி தெளிக்குற ஸ்பிரிங்க்ளர் 1150 இருந்தத 450 ஆக்குனாங்க. பழுப்பா கெடக்குதேனு மூஞ்ச சுளிச்சவங்க உண்டு. எனக்கு அந்த பழுப்பு புடிச்சிருக்கு.

கேள்வி: நான் காலேஜ் படிக்கிறேன், சிவில். இந்த லைனுக்கு வரணும்னா என்ன படிக்கணும்?

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்தான் இப்ப நெறைய பேரு வர்ற வழி. டிரென்ட் ஜோன்ஸ் என்ன பண்ணாருன்னா கார்னெல் யுனிவர்சிட்டில போயி, பயிர், தண்ணி வடிகால், சர்வே, லேண்ட்ஸ்கேப்னு அங்கங்க இருந்த பாடத்த பொறுக்கி தனக்குனு ஒரு படிப்ப அவரே கட்டிக்கிட்டாரு. உங்க சிவில் வீண் போகாது, நல்ல கோர்ஸுல கண்ணுக்கு தெரியாத பாதி வேலை அடில ஓடுற பைப்புதான். ஆனா ஒரு சீசனாவது புல்லு வெட்டுற வேலைக்கு போங்க. நெஜமாதான் சொல்றேன். இந்த தொழில் ஆளுங்களுக்கு அமெரிக்காவுல ஒரு சங்கம் இருக்கு, 1947 டிசம்பர்ல பைன்ஹர்ஸ்ட்ல கூடித்தான் ஆரம்பிச்சாங்க, ராஸ கௌரவ தலைவரா உக்கார வச்சு. இன்னிக்கும் அந்த ஆளுங்க போட்டுக்குற கோட்டு துணில, ஸ்காட்லாந்து வழக்கப்படி ராஸ் குடும்பத்துக்குனு இருக்குற கட்டம்தான்.

கேள்வி: அவரு கடைசியா போட்ட கோர்ஸ் எது?

வட கரோலினாவுலயே, ராலேல. படம் போட்டுட்டாரு, முடியிறத பாக்கல, 1948 ஏப்ரல்ல பைன்ஹர்ஸ்ட்ல எறந்துட்டாரு. மீதிய முடிச்சு குடுத்தது எல்லிஸ் மேப்பிள்ஸ்னு ஒருத்தர். அவரோட அப்பா ஃபிராங்க் மேப்பிள்ஸ்தான் பைன்ஹர்ஸ்ட்ல வருஷக்கணக்கா ராஸ் சொல்ல சொல்ல கிரீன பாத்துக்கிட்ட ஆளு. ராலேவுக்கு அப்புறம் எல்லிஸே சொந்தமா கோர்ஸ் போட ஆரம்பிச்சாரு, அவருக்கு அப்புறம் அவரு மகன் டானும் அதே வேலைக்குதான் வந்தாரு.